பிதுக்கம்பருப்புக்கு ஒரு பாத்தி

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். அப்புறம் நான் கட்டிய வீட்டைக் காட்டினால் எதிரில் இருப்பவருக்கு விஷயம் சரியாகப் புரியும். பாகலூர் சாலையை ஒட்டிய குடியிருப்பில் இரண்டு மாடி வீடு, முன்னால் இரும்பு கேட். அந்த கேட்டுக்கு என் பட்டறையில் நானே குந்தி உட்கார்ந்து வெல்டிங் வைத்தேன். ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் திறக்கும், இன்றைக்கும். தருமபுரிப் பக்கத்து வறண்ட ஊரிலிருந்து ஒரு துணிப்பையோடு ஓசூருக்கு வந்தவன். லேத் பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்கும் வேலையில் சேர்ந்தேன். பெருக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்து லேத் ஓட்டக் கற்றேன். பிறகு சொந்தமாக ஒரு லேத், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று என்று வளர்ந்தேன். இந்தச் சாலையில் ஓடுகிற லாரிகளில் பாதியிலாவது என் கை பட்ட ஒரு பின்னோ புஷ்ஷோ இருக்கும் என்று சொல்வேன். யாரும் இல்லையென்று சொன்னதில்லை.

இப்போது பட்டறையை வாடகைக்கு விட்டாயிற்று. முழங்கால் நிற்க விடவில்லை. இரண்டு மாடி வீட்டில் நான் ஒருவன். வீட்டுக்காரி பூனாவில் மகள் வீட்டில் இருக்கிறாள். பேறுகாலம் பார்க்கப் போனாள். குழந்தை தவழட்டும் என்றாள், நடக்கட்டும் என்றாள், பள்ளிக்கூடம் சேரட்டும் என்றாள். அதற்குள் அடுத்தது பிறந்துவிட்டது. வருடத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வருவாள். வீட்டைக் கழுவிவிட்டு, எனக்கு ஊறுகாய் போட்டு ஜாடியில் அடைத்து வைத்துவிட்டுத் திரும்பப் போய்விடுவாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. அதுதான் சங்கடம். சண்டையென்றால் சமாதானம் பேசிக் கூட்டி வந்துவிடலாம்.

நானும் போய் இருந்து பார்த்தேன். வானத்தில் தொங்குகிற வீடு. லிப்டில் கூட வருகிறவர் எந்த வீட்டுக்கு என்று இந்தியில் கேட்கிறார். மகள் பெயரைச் சொன்னால் தலையாட்டுகிறார். என் பெயரைக் கேட்க அங்கே ஒருவருக்கும் தேவையில்லை. திரும்பி வந்துவிட்டேன். ஓசூரில் நான் தெருவில் இறங்கினால் நாலு பேராவது கும்பிடுவார்கள். கும்பிடுகிறவர்களும் இப்போது குறைந்துதான் போய்விட்டார்கள். காலையில் கம்பெனி பஸ்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், எங்கள் தெருவில் மிச்சம் இருப்பது நானும் காயப்போட்ட துணிகளும்தான்.

குடியிருப்பின் கடைசியில் பார்க்குக்கென்று விட்ட இடம் ஒன்று உண்டு. பார்க் வரவில்லை. வீடு கட்டினவர்கள் உடைந்த செங்கல்லும் சிமெண்டுக் கட்டியும் கொட்டி வைத்திருந்தார்கள். குடியிருப்பில் சிலர் சேர்ந்து அதைச் சுத்தம் செய்து, பாத்தி பிரித்து, பொதுத் தோட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் வருவார்கள். நான் முதலில் அங்கே போனது செடி வளர்க்க அல்ல. நடந்துபோகும்போது பார்த்தேன், தண்ணீர்க் குழாயின் மூட்டில் துணியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்து மரை போட்டு இறுக்கிக் கொடுத்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதற்காக எனக்கும் ஒரு பாத்தி கொடுத்தார்கள்.

அதைக் கொடுத்தது ஒரு பெண். கன்னடக்காரி, பிறந்து வளர்ந்தது எல்லாம் எல்லைக்கு இந்தப் பக்கம்தான். ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். என் வாழ்க்கை முழுக்க என் பொருளை அளந்து பார்த்து, மயிரிழை கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் இந்த குவாலிட்டிக்காரர்கள்தான். அவள் வேலையைக் கேட்டதும் சிரித்துவிட்டேன்.

"ஏம்மா, இங்கயும் ரிஜெக்ட் போடுவியா?"

"சரியா இருந்தா ஏன் போடப் போறேன் அண்ணா," என்றாள்.

இதைப் பொங்கல் சமயத்தில் வீட்டுக்காரியிடம் போனில் சொன்னேன். தோட்டம் போட்டிருக்கிறேன் என்றேன். எதிர்முனையில் சிரிப்பு.

"என்னாங்க, நீங்களா? நம்ம வூட்டைச் சுத்தி ஒரு புல்லு மொளைக்கக் கூடாதுன்னு சிமெண்டு போட்டவரு."

"அந்த சிமெண்டு இன்னும் ஒரு வெடிப்பு வுடல, தெரியுமா?"

"தெரியும் தெரியும். என்ன போட்டிருக்கீங்க, போல்ட்டு நட்டா?"

அவள் சானமாவுக் காட்டோரத்து ஊர்க்காரி. பிறந்த வீட்டில் ராகிக்கு நடுவே வரிசை விட்டு அவரை போடுவார்கள். மார்கழி வந்து பனி இறங்கினால் அந்த அவரைக்கு ஒரு மணம் ஏறும். இந்தப் பக்கத்தில் கன்னடம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், தமிழ் பேசுகிறவர் எல்லோரும் அந்த மணத்தைச் சொகடு என்றுதான் சொல்வார்கள். திரண்ட பச்சைக் கொட்டையை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை எடுத்துக் குழம்பு வைக்கிறதுதான் பிதுக்கம்பருப்பு. அதை ஒருத்தி தனியாக உட்கார்ந்து செய்கிற வழக்கமே கிடையாது. எங்கள் வீட்டு முன்னறையில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் அண்டா. கை ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும். பட்டறையிலிருந்து நான் வந்தால் கொஞ்சம் குரல் தணியும். நான் உள்ளே போனதும் மறுபடி ஏறும். நான் பிதுக்கினதில்லை. சாப்பிட்டிருக்கிறேன், மூன்று வேளையும்.

"இங்க ஒண்ணு விக்கிறான், அவரைன்னு," என்றாள் போனில். "முகர்ந்து பாத்தா தண்ணி வாசனைதான் வருது."

"அடுத்த மார்கழிக்கு வா. என் பாத்தியில காய்ச்சி இருக்கும்."

"காய்ச்சா வர்றேன்."

"வந்தா தை முடிஞ்சுதான் போவணும்."

"மொதல்ல காய்க்கட்டும்ங்க."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அவள் வாயிலிருந்து வருகிறேன் என்ற சொல்லை நான் கேட்டு நாளாகிவிட்டது. போனை வைத்த பிறகு நேரே தோட்டத்துக்குப் போய் என் பாத்தியைக் கடப்பாறையால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன். ணங் என்றது. மொரம்பு மண், அதற்குள் செங்கல் துண்டு. அதில் அவரை மட்டுமல்ல, எருக்குகூட வராது.

குவாலிட்டிக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். "உரம் போடாம இதுல ஒண்ணும் ஆகாது அண்ணா. நாமளே பண்ணலாம். ஈரத்துமேல காய்ஞ்சது, காய்ஞ்சதுமேல ஈரம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது ஒரு பெரிய வேலை. சமையல்கட்டுக் கழிவை ஒரு அடுக்குப் போட்டால் அதன்மேல் அதைவிட இரண்டு மடங்கு சருகு போட வேண்டும். ஈரம் கூடினால் நாறும். குறைந்தால் அப்படியே கிடக்கும். ஒரு பிடி எடுத்து நசுக்கினால் விரலிடுக்கில் ஈரம் மினுங்க வேண்டும், சொட்டக் கூடாது. நான் ஒரு ஆள் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் கழிவு எவ்வளவு வரும்? ஒரு வெங்காயத் தோல், ஒரு முட்டை ஓடு. அதனால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டை டீக்கடைகளுக்குப் போனேன். பட்டறை நாளில் நான் டீ குடித்த கடைகள். வடிகட்டிப் போட்ட டீத்தூளை வாளியில் வாங்கிக் கொண்டு வருவேன்.

"என்ன முதலாளி, பட்டறையை வுட்டுட்டு வாளி தூக்குறீங்க?" என்றார் ஒரு டீ மாஸ்டர்.

"ஒன்னோட டீயைக் குடிக்கிறதைவிட மண்ணுல போடறது நல்லதுன்னு கண்டுபுடிச்சிட்டேன்பா."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே மறுநாளும் போனேன்.

குவியல் வேகிறதா என்று தெரிந்துகொள்ள அவளிடம் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. நான் பட்டறையிலிருந்து ஒரு நீளக் கம்பியைக் கொண்டுவந்து குவியலின் நடுவயிற்றில் செருகி வைத்தேன். காலையில் உருவி உள்ளங்கையில் பிடிப்பேன். ஓடுகிற மெஷினில் பேரிங் சூடாகிவிட்டதா என்று கை வைத்துப் பார்த்தே காலம் தள்ளினவன் நான். பிடிக்க முடிந்தால் இன்னும் வேகவில்லை. பிடித்துவிட்டுக் கையை உதறினால் வேகிறது. என் கையும் அவள் தெர்மாமீட்டரும் ஒரு தடவைகூட மாறுபட்டதில்லை. இதை அவளே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். அந்தக் கம்பிச் சூட்டுக்காக விடிந்ததும் எழுந்து போவேன். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் சூடாக இருப்பது என் டீ டம்ளர் ஒன்றுதான்.

மாசியில்தான் ரோஜா வந்தது.

ஓசூரைச் சுற்றிப் பாலி ஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரங்களில் ரோஜா போடுகிறார்கள். காதலர் தினத்துக்கு விமானமேற்றி அனுப்புவார்கள். அந்த நெருக்கடி முடிந்தபின் காம்பு குட்டையானதும் இதழ் கருகினதும் குவிந்து கிடக்கும். எங்கள் தோட்டத்தில் ஈரக் கழிவு போதவில்லை என்று பேச்சு வந்தபோது நான் சொன்னேன், ஒரு வண்டி நிறைய நான் கொண்டுவருகிறேன் என்று. பாலி ஹவுஸ் குழாய்களுக்கு என் பட்டறையில் கிளாம்ப் செய்து கொடுத்திருக்கிறேன். ஒரு போன் போட்டேன். மறுநாள் ஒரு டெம்போ ரோஜா வந்து நின்றது.

நான் சொல்வது மிகையில்லை, தார்ப்பாயை விலக்கினதும் தெருவே நின்று பார்த்தது. சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று குவிந்து கிடந்தது. பெண்கள் நல்ல பூவாகப் பொறுக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். குழந்தைகள் அதற்குள் விழுந்து புரண்டார்கள். எல்லோரும் என்னை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை அன்றைக்கே வீட்டுக்காரிக்கு அனுப்பினேன். "மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க," என்று எழுதியிருந்தாள். குவாலிட்டிக்காரி அன்றைக்கு ஷிப்டில் இருந்தாள். தோட்டத்தில் அவள் ஆசையாகக் கட்டி வைத்த மண்புழுத் தொட்டிகள் இருந்தன. மேலே பரப்பினால் புழு தின்று உரமாக்கும் என்று எல்லோரும் சேர்ந்துதான் தொட்டி நிறையப் பரப்பினோம்.

மறுநாள் காலையில் நான் கம்பியைப் பார்க்கப் போனபோது, தொட்டியின் சுவரில் புழுக்கள் ஏறிக்கொண்டிருந்தன. வெயில் பட்டால் செத்துப்போகிற பிராணி, வெயிலைத் தேடி வெளியே வருகிறது. நடைபாதை சிமெண்டில் நிறைய ஊர்ந்து வந்து கிடந்தன. சில சுருண்டு கிடந்தன, சில நீட்டிக் கிடந்தன. எறும்பு வந்துவிட்டது.

அவள் வந்து பார்த்தாள். குந்தி உட்கார்ந்து ஒரு பூவை எடுத்து முகர்ந்தாள்.

"மருந்து அண்ணா. வெட்டுறதுக்கு முந்தின நாள்வரைக்கும் அடிப்பாங்க. இலையில ஒரு புள்ளி இருந்தாக்கூட வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான்."

"பூவுல என்னம்மா மருந்து? சாமிக்குப் போடறோம், தலையில வெக்கிறோம்."

"சாமி திங்காது. புழு திங்கும்."

அதற்கு நான் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் பேசிக்கொண்டே, உயிரோடு இருக்கிற புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஈரச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் குந்தி உட்கார்ந்து எடுத்தேன். தடித்துப்போன விரல் என்னுடையது, நழுவி நழுவி விழுந்தது. எடுத்தவரைக்கும் பிழைத்தது கொஞ்சம்தான்.

யாரும் என்னைத் திட்டவில்லை. கொண்டுவந்தது நான், பரப்பினது எல்லோரும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் குழுவின் வாட்சப்பில் ஒரு செய்தி வந்தது, இனி வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் கேட்டுவிட்டுக் கொண்டுவரவும் என்று. கீழே வரிசையாகக் கட்டைவிரல் படம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "வாங்க சார்" என்றார்கள். அதற்குமுன் அண்ணா என்றவர்கள். நான் என் பாத்தி ஓரத்தில் நின்று, தேவையில்லாமல் குழாய் மூட்டை இன்னொரு தடவை இறுக்கினேன். ரோஜாவையெல்லாம் நானே அள்ளி, அதே டெம்போவை வரவழைத்துத் திருப்பி அனுப்பினேன். அள்ளும்போது முள் கிழித்ததை யாரிடமும் காட்டவில்லை.

வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். விட்டுவிடலாம். அறுபதைத் தாண்டின ஆளுக்கு ஒரு பாத்தி மண் இல்லாமல் போனால் குடி முழுகிவிடாது. ஆனால் காய்ச்சால் வருகிறேன் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். என் பாத்தியில் மண் இன்னும் ணங் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பங்குனியில் சானமாவுப் பக்கம் மச்சான் ஊருக்குப் போனேன். வீட்டுக்காரியின் தம்பி. மாடு வைத்திருக்கிறான். சாணம் வேண்டும், அப்படியே விதைக்கு அவரையும் வேண்டும் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"மாமா, நீங்க சாணின்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன். கல்யாணத்தப்ப எங்க வாசல்ல சாணி மிதிச்சிட்டீங்கன்னு செருப்பை வுட்டெறிஞ்சீங்களே."

"அது புதுச் செருப்புடா."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளுக்காகத்தான்."

அதற்கப்புறம் அவன் கிண்டல் செய்யவில்லை. சாக்கில் சாணம் அள்ளிப் போட்டான். விதையைத் துணியில் முடிந்து கொடுத்தான். கொடி அவரை, பந்தலில் ஏறுகிறது, போன வருஷம் யானை வந்து ராகியைத் தின்றுவிட்டுப் போனபோது வீட்டோரம் இருந்ததால் தப்பினது என்றான். "எங்கம்மா காலத்து வெதை மாமா. அக்காவுக்கு மணத்தை வெச்சே தெரியும்."

இந்தத் தடவை தோட்டத்துக்குள் கொண்டுவருமுன் வாசலில் வண்டியை நிறுத்திக் குவாலிட்டிக்காரியைக் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு இன்ஸ்பெக்டரை நானே கூப்பிட்டுப் பொருளைக் காட்டினது அதுதான். அவள் சாணத்தை முகர்ந்தாள். மாட்டுக்கு என்ன தீனி என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தோட்டத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

சித்திரை வைகாசி முழுக்க நான் ஒருவனே ஒரு குவியல் போட்டேன். சருகு, டீத்தூள், சாணம், மறுபடி சருகு. வெயிலில் மற்றவர்கள் வருவது குறைந்துபோனது. வாரத்துக்கு ஒருமுறை மண்வெட்டியால் புரட்டிப் போடுவேன். புரட்டும்போது உள்ளிருந்து ஆவி எழும். முதலில் ஒரு நாற்றம், பிறகு நாற்றம் போய் ஒன்றுமில்லாத வாசனை, பிறகு முதல் மழையில் வருமே, அந்த மண்வாசனை. பழைய டிரம் ஒன்றை அறுத்து, வலை வைத்து, கைப்பிடி பொருத்தி, சுற்றுகிற சல்லடை ஒன்று செய்தேன். அதைச் சுற்றினால் உரம் கீழே பொடியாக விழும், கல்லும் குச்சியும் மறுபக்கம் வெளியே போகும். பேரிங் போட்டது, குழந்தையும் சுற்றலாம். இன்றைக்கு அந்தத் தோட்டத்தில் எல்லோரும் அதில்தான் சலிக்கிறார்கள். சலித்த உரத்தை ஒரு பிடி அள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் கிளறினாள். உள்ளே ஒரு சின்னப் புழு நெளிந்தது. நான் போட்டதல்ல, தானாக வந்தது.

"பாஸ் அண்ணா," என்றாள்.

ஆடியில் விதை ஊன்றினேன். பந்தலுக்கு இரும்புக் குழாய் நட்டேன். யானை வந்து சாய்ந்தாலும் நிற்கும். கொடி ஏறியது பாருங்கள், அப்படியொரு ஏற்றம். ஆவணியில் பந்தல் தெரியவில்லை, இலைதான் தெரிந்தது. தினமும் படம் எடுத்து அனுப்பினேன். மற்றவர்கள் வந்து பார்த்து அதிசயப்பட்டார்கள். வாங்க சார் மறுபடி வாங்கண்ணா ஆனது. புரட்டாசி போனது. ஐப்பசி வந்தது. இலைதான் இருந்தது, ஒரு பூ இல்லை.

"உரம் கூடிப்போச்சோ அண்ணா," என்று குவாலிட்டிக்காரி மெல்லச் சொன்னாள். "சத்து கூடினா இலையாவே போகும்."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னேன்.

"பனி எறங்குச்சா?" என்றாள் வீட்டுக்காரி.

"இல்ல."

"அப்பறம் ஏன் பறக்கறீங்க? பகல் சுருங்கணும், பனி எறங்கணும், அப்பத்தான் பூ வுடும். நீங்க சுவிச்சு போட்டா காய்க்கிறதுக்கு அதென்ன உங்க மெஷினா?"

கார்த்திகை பிறந்து, காலையில் ஸ்கூட்டர் சீட்டில் ஈரம் படிகிற நாட்கள் வந்தன. ஒரு நாள் பந்தலுக்குமேல் ஊதா நிறத்தில் ஒரு கொத்து நிமிர்ந்து நின்றது. அடுத்த வாரம் எண்ண முடியவில்லை. வீட்டுக்காரி டிக்கெட் போட்டுவிட்டேன் என்றாள். நான் மேல்மாடி அறையைத் திறந்து பெருக்கினேன். அண்டாவைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன்.

காய் திரண்டதும் தோட்டத்துக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் கொஞ்சம் கொடுத்து வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். நானும் எல்லோரிடமிருந்தும் கீரையும் கத்தரியும் வாங்கியிருக்கிறேன்.

"அவரையை மட்டும் கேக்காதீங்க," என்றேன். "வூட்டுக்காரி வர்றா. வந்து அவ கையால பறிக்கட்டும், அப்பறம் எல்லாருக்கும் உண்டு."

குவாலிட்டிக்காரி சொன்னாள், "பிதுக்குறதுக்கு ஆள் வேணும்ல அண்ணா? நானும் எங்கம்மாவும் வர்றோம். எங்கம்மாவுக்கு அதுன்னா உசுரு."

"பேடம்மா," வேண்டாம் என்றேன் அவள் பாஷையிலேயே. "அவ வந்து கூப்புடுவா. தெருவையே கூப்புடுவா. நீ மொத ஆளா வா."

பேரனுக்கு அம்மை போட்டுவிட்டது. வண்டி ஏறுவதற்கு முந்தின நாள் போன் வந்தது. அம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றும்வரை அவள் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டாள். வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பில்லாமல் சமைத்து, அப்படித்தான் அவள் இருப்பாள். பெரியவனுக்கு ஊற்றுமுன் சின்னதுக்கும் வந்துவிட்டது. இதில் யாரை என்ன சொல்வது?

"காயி இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இருக்குது."

"முத்தவுட்டுடாதீங்க. முத்துனா தோலு பிரியாது. பறிச்சுடுங்க."

அன்றைக்கு வேலை நாள். தோட்டத்தில் ஒருவரும் இல்லை. நானே பறித்தேன். விரலெல்லாம் பிசுபிசுவென்று அந்த மணம். சாக்கு நிறைய இருந்தது. வரும் வழியில் குவாலிட்டிக்காரியின் வீட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். அவள் அம்மா வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார். நான் சாக்கோடு நின்றால் போதும், அவரே எழுந்து வந்திருப்பார். ஆனால் வீட்டுக்காரி வந்து கூப்பிடுவாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தவன், இப்போது எந்த வாயால் கூப்பிடுவது? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உரித்தேன், ஊறப்போட்டேன். மறுநாள் காலையில் முன்னறையில் அண்டாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கவில்லை, ஸ்டூல் போட்டுக்கொண்டேன். போனைச் செம்பில் சாய்த்து வைத்து அவளைக் கூப்பிட்டேன். திரையில் அவள் முகம், பின்னால் வேப்பிலை.

"கட்டைவெரலால அமுக்காதீங்க. ஓரத்துல புடிச்சு லேசா... ஆங். அப்படித்தான்."

பருப்பு குதித்துப் போய்ச் சுவரில் பட்டது. அவள் சிரித்தாள். அந்தப் பக்கம் பேரன் அழுகிற சத்தம் கேட்டது.

"இருங்க, அரிக்குதாம் அவனுக்கு," என்று எழுந்து போனாள். போனைக் கையில் எடுத்துக்கொண்டு போகவில்லை. திரையில் கொஞ்ச நேரம் அவர்கள் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு படம் அதுவாகவே அறுந்துபோனது.

நான் பிதுக்கிக்கொண்டே இருந்தேன். லேத்தில் நின்று ஒரே பின்னை நாள் முழுக்கக் கடைந்தவன் நான், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது எனக்குப் புதிதல்ல. அங்கே மெஷின் சத்தம் இருக்கும், பக்கத்து லேத்தில் ஒருவன் கத்திக் கதை சொல்லிக்கொண்டிருப்பான். இங்கே பருப்பு பாத்திரத்தில் விழுகிற சத்தம் மட்டும். தெருப் பெண்கள் அன்றைக்கெல்லாம் அப்படி என்னதான் பேசினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. நான் வந்ததும்தான் குரலைத் தணித்துவிடுவார்களே.

குழம்பு வைத்தேன். உப்பு சரியாக இருந்தது. நான் வைத்தால் சரியாகத்தான் இருக்கும். மூன்று வேளையும் சாப்பிட்டேன், மறுநாளும் சாப்பிட்டேன்.

தோலையெல்லாம் வாளியில் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை குவியலுக்குப் போனேன். குவாலிட்டிக்காரி அங்கே இருந்தாள். வாளியைப் பார்த்தாள். அவரைத்தோல் என்று பார்த்ததுமே தெரியும் அவளுக்கு.

"அண்ணி வந்துட்டாங்களா?"

"வரல. கொழந்தைங்களுக்கு அம்மை."

"இவ்வளவையும் நீங்க ஒருத்தரேவா?"

"பின்ன?"

நான் தோலைக் குவியல்மேல் கொட்டினேன். அவள் இரண்டு கையாலும் சருகை அள்ளி அதன்மேல் பரப்பினாள்.

"ஈரத்துமேல காய்ஞ்சது," என்றேன் நான், அவள் சொல்லுமுன்.

தை முடியும்போது எல்லோரும் பாத்தியைக் காலி செய்து அடுத்த வெள்ளாமைக்கு மண்ணைக் கொத்தினார்கள். என் பந்தலை மட்டும் நான் பிரிக்கவில்லை. மிச்சக் காயையெல்லாம் மற்றவர்களுக்குப் பறித்துக் கொடுத்தாயிற்று. உச்சியில் இருந்த கொத்துக்களை மட்டும் விதைக்குக் கொடியிலேயே காயவிடச் சொல்லியிருந்தாள் வீட்டுக்காரி. ஆடிக்கு வந்தால் அவளே ஊன்றுவதாகவும் சொல்லியிருந்தாள். வந்தால் என்றுதான் சொன்னாள்.

குழுவில் கேட்டார்கள், காய்ந்த கொடியை ஏன் வைத்திருக்கிறீர்கள், அசிங்கமாக இருக்கிறதே என்று. இருக்கட்டும் என்று பதில் போட்டேன். இப்போது காலையில் போனால் முதலில் கம்பியை உருவிப் பார்ப்பேன். அப்புறம் பந்தலடியில் கொஞ்ச நேரம் நிற்பேன். காற்று வந்தால் நெற்றுக்குள் விதை ஆடுகிற சத்தம் கேட்கும்.